சிவப்பி முதலில் இறங்குவாள்

மே 8, வியாழன்

ரிசல்ட் வந்துவிட்டது. அறுநூற்றுக்கு ஐந்நூற்று இருபத்தொன்று. உயிரியலில் தொண்ணூற்று நான்கு. அம்மா வலது கைக் கட்டோடு எழுந்து வந்து இடது கையால் என் தலையைத் தடவினாள். அப்பா அருவிச்சாலையில் எங்கள் டீக்கடையில் இருந்தார். போனில் சொன்னதும், மாட்டு டாக்டருக்குக் காணுமா என்று கேட்டார். காணாது. எங்கள் பிரிவுக்குப் போன வருடத்துக் கட்-ஆஃபைவிடப் பன்னிரண்டு குறைகிறது. அதைச் சொல்லவில்லை. பார்ப்போம்பா என்று மட்டும் சொன்னேன்.

மாலையில் கால்வாய்ப் படித்துறைக்குப் போனேன். குரங்குக் கூட்டம் 5.52க்கு மருத மரத்துக்கு வந்து சேர்ந்தது. முப்பத்தொன்றும் வந்தன.

மே 9, வெள்ளி

இந்த நோட்டில் குரங்குகளைப் பற்றி நான் அதிகம் எழுதுவதில்லை. அவற்றுக்குத் தனியாக நான்கு நோட்டுகள் இருக்கின்றன. பதினோராம் வகுப்பில் எஸ்தர் டீச்சர் ஏதாவது ஓர் உயிரை ஒரு மாதம் கவனித்து எழுதி வரச் சொன்னார்கள். மற்றவர்கள் எறும்பு, கோழி என்று முடித்துக்கொண்டார்கள். நான் இந்த நாட்டுக்குரங்குக் கூட்டத்தை எடுத்தேன். ஒரு மாதம் முடிந்த பிறகும் நிறுத்தத் தோன்றவில்லை. இரண்டு வருடம் ஆகப்போகிறது.

ஆண்கள் வருவார்கள், போவார்கள். பெண்கள் பிறந்த கூட்டத்தை விட்டு எங்கும் போவதில்லை. இரை தேடும்போதும் ஒருத்தி பார்வையிலிருந்து இன்னொருத்தி தப்புவதில்லை. பெண்களில் சிவப்பிக்குத்தான் முதலிடம். முகம் மற்றவற்றைவிடச் சிவந்திருப்பதால் அந்தப் பெயர். காலையில் அவள் இறங்கினால்தான் மற்றவை இறங்கும். அவள் கத்தினால் எங்கே இருந்தாலும் எல்லாம் ஓடிவரும். இப்போது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி இருக்கிறது, பிறந்து ஏழு வாரம்.

மே 12, திங்கள்

எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். எதைப் படிப்பது என்று ஒரு மணி நேரம் பேசினோம். கால்நடை மருத்துவம் படித்தால் நோய் பார்க்கலாம், விலங்கியல் படித்தால் அறுத்துப் பார்த்துப் பெயர் எழுதலாம், வனவிலங்கு உயிரியல் படித்தால்தான் உட்கார்ந்து கவனிக்கலாம் என்றார்கள். அந்தப் படிப்பு மலை மேலே ஒரு கல்லூரியில் இருக்கிறது. இருபத்து நான்கே இடம். மார்க்கோடு நேர்முகமும் உண்டு. களத்தில் வேலை பார்த்ததற்கு ஏதாவது ஓர் அலுவலகத்துக் கடிதம் இருந்தால் நல்லது என்றார்கள்.

"மூணு வருஷம், அப்புறம் ரெண்டு வருஷம், அப்புறம் ஆராய்ச்சின்னு அஞ்சு வருஷம். இருபத்தெட்டு வயசு ஆயிரும். தெரிஞ்சுதான் கேக்கியா?"

"தெரிஞ்சுதான் டீச்சர்."

வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். பத்து வருடம் படித்துக் குரங்கைப் பார்ப்பதற்கு மலை மேலே எதற்குப் போக வேண்டும், அதுதான் இங்கேயே வருகிறதே என்றார். அம்மா சிரிக்கவில்லை.

மே 14, புதன்

அம்மாவின் கை இன்னும் மடங்கவில்லை. கட்டை விரலுக்குக் கீழே சதை பிய்ந்த இடத்தில் தோல் இழுத்துப் பிடிக்கிறது. பீடி சுற்ற அந்த விரல்தான் வேண்டும். இடது கையால் இலை வெட்டிப் பார்த்தாள், சரிவரவில்லை. பீடித் தட்டை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள்.

ஏப்ரல் 17 அன்று அம்மா கடலை அவித்து இறக்கி வைத்திருந்தாள். சிவப்பி ஜன்னல் வழியாக வந்து சட்டியை இழுத்தாள். அம்மா விடவில்லை. சிவப்பி அவள் கையைக் கடித்துவிட்டாள். அதுவரை இந்தக் கூட்டம் எங்கள் தெருப் பக்கம் வந்ததே இல்லை. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

அருவிச் சீசன் தொடங்குவதற்குள் குரங்குகளைப் பிடித்துவிட வேண்டும் என்று அருவிச்சாலைக் கடைக்காரர்கள் பேரூராட்சிக்கு மனு எழுதியிருக்கிறார்கள். அப்பா இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்னிடம் மறைக்கவில்லை. "ஒங்கம்மா கையப் பாத்தப் பொறவு நான் போடாம இருந்தா நல்லாருக்குமா?" என்றார்.



மே 15, வியாழன்

அம்மாவுக்கு ஐந்தாவது ஊசி. இதோடு முடிந்தது.

மே 19, திங்கள்

பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். மேற்பார்வையாளர் பரமசிவன் சாருக்கு அப்பாவைத் தெரியும், தினம் கடையில் டீ குடிப்பவர். கடிதம் வேண்டும் என்றேன். என்ன வேலை பார்த்ததாக எழுதுவது என்று கேட்டார். குரங்கு நோட்டுகளைப் பற்றிச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலி போடச் சொன்னார். எத்தனை இருக்கின்றன, எங்கே தூங்குகின்றன, எத்தனை மணிக்கு எழுகின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இத்தனை அக்கறையாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

குரங்குக் கணக்கெடுப்பு ஒன்று நடக்கப்போகிறதாம். நோட்டுகளைக் கொடுத்தால் நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவதாகவும், கணக்கெடுப்பில் உதவியதாகக் கடிதம் தருவதாகவும் சொன்னார்.

கணக்கெடுப்பு என்றுதான் சொன்னார்.

மே 20, செவ்வாய்

நான்கு நோட்டுகளையும் கொடுத்துவிட்டேன்.

மே 24, சனி

மலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பினேன். பக்கத்து ஊர் மகளிர் கல்லூரியில் விலங்கியலுக்கும் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். இது கிடைக்காவிட்டால் அது. அம்மா, இரண்டும் கிடைக்காவிட்டால் நர்சிங் என்றாள். அவளுக்கு ஊசி போட்ட நர்ஸ் நல்ல மாதிரியாம். நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். குழாயில் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

மே 30, வெள்ளி

நோட்டுகள் திரும்பி வந்தன. மூன்றாவது நோட்டில் சில வரிகளுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார்கள். எல்லாம் மருத மரம், நேரம், சிவப்பி பற்றிய வரிகள். கடிதம் வேலை முடிந்ததும் தருவார்களாம்.

சாரல் ஆரம்பித்துவிட்டது. துணி காயவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

வெளி மாவட்டத்திலிருந்து நான்கு பேர் ஒரு மினி லாரியில் வந்திருக்கிறார்கள். பேரூராட்சியின் இரண்டு பெரிய கூண்டுகள். மருத மரத்தடியில் இறக்கி வைத்து, உள்ளேயும் வெளியேயும் கடலை தூவினார்கள். கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். பழகுவதற்காம்.

எனக்கு இன்றுதான் தெரியும் என்று எழுத நினைத்தேன். அது பொய். மே 19 அன்று அலுவலகத்துக்குப் பின்னால் கொட்டகையில் இந்தக் கூண்டுகளில் ஒன்று நின்றது. புதிதாகப் பெயின்ட் அடித்து ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

ஜூன் 4, புதன்

அப்பாவிடம், பிடித்து எங்கே விடுவார்கள் என்று கேட்டேன். அணைக்கு மேலே மலைச்சாலையில், நல்ல காடு என்றார். அங்கே ஏற்கெனவே வேறு கூட்டம் இருக்குமே என்றேன். "காடு பெருசு பிள்ள" என்றார்.

பரமசிவன் சார் அப்பாவின் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். நாளைக் காலை ஆறு மணிக்கு நான் மரத்தடிக்கு வர வேண்டுமாம்.

ஜூன் 5, வியாழன்

போனேன். போகாமல் இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை.

பிடிக்க வந்தவர்களில் மூத்தவர் பெயர் சோலைராஜ். ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். குரங்குகளுக்கு வலிக்காமல் பிடிப்பேன் என்று அவராகவே சொன்னார். என் நோட்டின் நகல் அவர் கையில் பாலித்தீன் உறைக்குள் இருந்தது.

"இது நீ எழுதுனதா பாப்பா? ரொம்பத் தெளிவா இருக்கு. எங்களுக்கு ஒரு ஊர்ல பத்து நாளாச்சும் ஆகும். இங்க ரெண்டே நாளு."

கூண்டுக் கதவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு மேல் கிளைகள் அசைந்தன. ஐந்தாறு ஒரே நேரத்தில் கீழ்க்கிளைக்கு வந்து நின்றன. சோலைராஜ் என் காதருகே குனிந்தார்.

"எதும்மா அது? மொதல்ல இறங்குறது?"

நான் கையை நீட்டிக் காட்டினேன்.

6.11க்குச் சிவப்பி இறங்கினாள். குட்டி வயிற்றில் இருந்தது. வெளியே கிடந்த கடலையை எடுக்கவில்லை. நேராக உள்ளே போய் உட்கார்ந்தாள். அவர் கயிற்றை விட்டார். கதவு விழுந்தது. அவள் கத்தினாள்.

மற்றவை ஓடவில்லை. ஓடாது என்று நோட்டில் எழுதியிருந்தேன். எல்லாம் கீழே இறங்கி வந்து கூண்டுக் கம்பியைப் பிடித்து ஆட்டின. இரண்டாவது கூண்டை அதோடு சேர்த்து வைத்தார்கள். உள்ளே போனால் அவளிடம் போகலாம் என்று நினைத்தனவோ என்னவோ, மூன்றும் நான்குமாக உள்ளே போயின. ஏழரைக்கு இருபத்தாறு. மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று. இளம் ஆண்கள் இரண்டு மட்டும் பாறைப் பக்கம் ஓடிவிட்டன.

லாரி கிளம்பியபோது சிவப்பி கத்தவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பது போல இருக்கும். அது பயம்.

ஜூன் 6, வெள்ளி

பரமசிவன் சார் கடிதம் கொடுத்தார். "செல்வி ஆ. சண்பகா, குரங்குகளை அப்புறப்படுத்தும் பணியில் அவை தங்கும் மரம், இறங்கும் நேரம், தலைமைக் குரங்கு ஆகியவற்றை அடையாளம் காட்டி உதவினார்." கணக்கெடுப்பு என்ற சொல் எங்கும் இல்லை. முத்திரை நன்றாக விழுந்திருக்கிறது.

எஸ்தர் டீச்சரிடம் காட்டவில்லை. ஃபைலில் வைத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

காலையில் போனேன். மரம் மட்டும் இருந்தது.

ஜூன் 9, திங்கள்

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போது, குரங்கு போனதற்கா இப்படி இருக்கிறாய் என்றாள். உன் கையைக் கடித்ததற்குத்தானே பிடித்தார்கள், உனக்குச் சந்தோஷமில்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அது என்னயக் கடிக்க வரல. கடலைக்கு வந்துச்சு. மாசி மாசத்துலருந்து மொட்டமாடியில கடலத்தொலியா கிடந்துச்சு. நாந்தான் தினம் கூட்டி அள்ளுனேன். ஒங்கப்பாகிட்டச் சொல்லல."

இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி எழுதாமல் விடுவதில் அர்த்தமில்லை. மே 14 அன்று தெரியவில்லை என்று எழுதியது பொய். பிப்ரவரியில் பதினைந்து நாள் நான் மாடியில் கடலை வைத்தேன். யார் முதலில் எடுக்கிறார்கள், யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது மரத்தில் சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசை. பரீட்சை வந்ததும் வைப்பதை நிறுத்தினேன். அவை வருவதை நிறுத்தவில்லை. ஒன்றையும் தொடக் கூடாது, ஒன்றையும் கொடுக்கக் கூடாது என்று எஸ்தர் டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அந்தப் பதினைந்து நாட்களின் குறிப்புகள்தான் நான் எழுதியவற்றிலேயே மிகவும் நல்லவை.

ஜூன் 16, திங்கள்

நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அப்பா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று நேர்முகம். பேருந்தில் எழுத முடியவில்லை, இப்போது எழுதுகிறேன். மலையில் நல்ல குளிர். அப்பா வெளியே மரத்தடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை என் நோட்டுகளை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். மற்ற இருவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. பிறகு கடிதத்தை எடுத்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சுதான் காட்டுனீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

இதற்குத் தயாராகப் போன பதில் வேறு. வாயில் இதுதான் வந்தது. இடம் போயிற்று என்று நினைத்தேன். வலப்பக்கம் இருந்தவர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் என்ன தப்பு, இங்கே படித்துவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதானே வேலை என்றார். யானை எந்த வழியில் வரும், சிறுத்தை எங்கே படுக்கும் என்று சொல்லத் தெரிந்த ஆளுக்குத்தான் கிராக்கி என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். இன்னொருவரும் தலையாட்டினார்.

பேராசிரியை நான்காவது நோட்டின் கடைசியாக எழுதிய பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஜூன் 4 வரை இருந்தது.

"ஐந்தாம் தேதி எழுதலையே."

"முடியல மேடம்."

"எழுதியிருக்கணும்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகு அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

பட்டியல் வந்துவிட்டது. இருபத்து நான்கில் நான் மூன்றாவது. அப்பா கடையில் எல்லாருக்கும் இலவசமாக வாழைக்காய் பஜ்ஜி கொடுத்தாராம். சீசன் கூட்டம் அலை மோதுகிறது. தட்டைப் பிடுங்க இப்போது குரங்கு கிடையாது.

அம்மா, போகிறாயா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். நர்சிங் இன்னும் இருக்கிறது என்றாள். அவள் அதை எனக்காகத்தான் சொன்னாள்.

ஜூன் 29, ஞாயிறு

சீசன் ஞாயிற்றுக்கிழமை அப்பா கடையை அடைத்து நான் பார்த்ததில்லை. இன்று அடைத்தார். "வா, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார். எங்கே என்று நானும் கேட்கவில்லை. மொபெட்டில் அணையைத் தாண்டி மலைச்சாலையில் ஏறினோம். சோலைராஜ் ஆட்கள் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் திறந்துவிட்டதாக லாரி டிரைவர் அப்பாவிடம் சொல்லியிருந்தாராம்.

அந்த வளைவில் ஒரு டீக்கடை. எதிரே தடுப்புச் சுவர். கார்கள் நிற்கும் இடம். சுவர் நெடுக வேறு கூட்டம் உட்கார்ந்திருந்தது, நாற்பதுக்கு மேல் இருக்கும், எனக்குத் தெரியாத முகங்கள். அதிலிருந்து தள்ளி, குப்பைத் தொட்டிக்குப் பின்னால் நான்கு இருந்தன. சிவப்பியை முகத்தை வைத்து அடையாளம் தெரியவில்லை. மூக்கிலிருந்து கண் வரை கிழிந்து பொருக்குத் தட்டியிருந்தது. உட்காரும் விதத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வயிற்றில் குட்டி இல்லை. கூட, வெட்டுக்காது என்று நான் பெயர் வைத்திருந்த பெண் ஒன்று, இரண்டு இளசுகள். சுவரில் இருந்த ஒன்று இறங்கி வந்ததும் நான்கும் சாலைக்கு அந்தப் பக்கம் ஓடின. ஒரு கார் பிரேக் அடித்தது.

அப்பா பையிலிருந்து உளுந்த வடைகளை எடுத்தார். கடையை அடைத்தும் காலையில் சுட்டு எடுத்து வந்திருக்கிறார். கொடுக்கக் கூடாது என்று போர்டு இருந்தது. நான் தடுக்கவில்லை. பிய்த்துச் சாலையோரம் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். சிவப்பி என்னை இரண்டு தடவை பார்த்தாள். வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

நான்காவது நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். ஜூன் 5 பக்கத்தை அங்கே நின்றுகொண்டே எழுதினேன். நேரம், கூண்டு, கை நீட்டியது, எண்ணிக்கை. அடுத்த பக்கத்தில் இன்றைய தேதி. மொத்தம் 4. மூன்று மணி நேரம் சுற்றுவட்டாரம் முழுக்கத் தேடிவிட்டு, மறுபடியும் 4 என்று எழுதினேன்.

திரும்பும்போது அப்பா பாதி வழியில் வண்டியை நிறுத்தினார். சாரலில் சட்டை நனைந்திருந்தது. பின்னால் திரும்பாமலே பேசினார்.

"மத்ததெல்லாம் உள்காட்டுக்குள்ள போயிருக்கும் பிள்ள. அங்கன பழம் இருக்கும்லா."

பெண்கள் பிரிவதில்லை. சிவப்பி இருக்கும் இடத்தை விட்டு ஒன்றுகூட எங்கும் போயிருக்காது. அப்பாவுக்கு அது தெரியாது.

"ஆமாப்பா. போயிருக்கும்" என்றேன்.

அவர் வண்டியைக் கிளப்பினார்.

ஜூலை 2, புதன்

எஸ்தர் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடலை, கூண்டு, கடிதம், கை. டீச்சர் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எனக்கு வேறு என்ன தெரியும் என்று கேட்டேன். கூட்டத்தைப் பார்த்தால் யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியும். யார் பயந்திருக்கிறார்கள் என்று தெரியும். எது முதலில் இறங்கும் என்று தெரியும். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனார்கள்.

ஜூலை 7, திங்கள்

சேர்ந்துவிட்டேன். அம்மாவும் வந்திருந்தாள். விடுதி அறையில் இரும்புக் கட்டிலுக்கு இடது கையாலேயே விரிப்பு விரித்தாள்.

அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். "இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்த காரணம்" என்ற இடத்தில் இரண்டு வரி காலியாக விட்டிருந்தேன். கிளார்க் திருப்பிக் கொடுத்து, ஏதாவது எழுதும்மா, காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது என்றார். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"'விலங்குகள் மேல பிரியம்'னு எழுது பிள்ள. வேற என்ன?"

எழுதினேன். அப்பா ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்றார். கிளார்க் வாங்கி முத்திரை வைத்து, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.